நதியை அறிய மூன்றாண்டு போதாது

பாளையங்கோட்டை

அன்புள்ள சங்கரலிங்கம்,

உமது கடிதம் கிடைத்தது. உடல்நலம் தேறிவிட்டீர் என்றறிந்து மகிழ்ந்தேன். இங்கே அனைவரும் நலம், பிசான நடவும் முடிந்துவிட்டது.

தாமிரபரணி ஆய்வு மையம் என்னவாயிற்று என்று கேட்டிருந்தீர். மூன்றாண்டு நிதி வரும் மார்ச்சோடு முடிகிறது. நீரியல், தாவரவியல், பொருளாதாரம், வரலாறு என்று வெவ்வேறு படிப்புப் படித்து வந்த பிள்ளைகளுக்கு ஒருவர் பேசுவது மற்றவருக்கு விளங்கவே முதலாண்டு கழிந்தது. கடைசியாண்டிலோ பாதிப்பேர் வேறு வேலை தேடத் தொடங்கிவிட்டார்கள். துறை என்றால் நிதி நின்றாலும் பாடம் நடத்த ஆசிரியர்கள் இருப்பார்கள். எந்தத் துறைக்கும் சொந்தமில்லாத மையத்தில், பணம் நின்ற மறுநாள் அளவீட்டுப் பதிவேடுகளைப் பாதுகாக்கக்கூட ஆளிருக்காது.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதே, அந்த வெள்ளத்தை விளங்கிக்கொள்ளப் பொதிகைக் காடு, பாபநாசம் அணையின் நீர்த்திறப்பு, ஆற்றின் எட்டு அணைக்கட்டுகள், தூர்ந்த குளங்கள், அவற்றைப் பராமரித்த ஊர் வழக்கங்கள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தாக வேண்டும். முந்தைய பத்தாண்டுக் கணக்கு கையில் இல்லாதபோது, பிந்தைய மூன்றாண்டுக் கணக்கை எதனோடு ஒப்பிடுவது?

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் சூழலியல் மையம் 1983இல் நடுவண் அரசின் ஆதரவோடு தொடங்கியது. அவர்கள் 1988இல் முதுமலையில் 50 ஹெக்டேர் காட்டை வரையறுத்து, அதிலுள்ள மரங்களைத் தொடர்ந்து கணக்கெடுத்து வந்ததால்தான், வறட்சியும் தீயும் யானையும் காட்டை எப்படி மாற்றுகின்றன என்று இன்று சொல்ல முடிகிறது. ஜெர்மனியில் சிறப்பாய்வுக் குழுமங்களுக்கு ஏழாண்டு நிதி தருகிறார்கள்; முடிந்தபின் மீண்டும் விண்ணப்பிக்கலாம். நம் நாட்டில் 2023ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கு ஐந்தாண்டில் 50,000 கோடி ரூபாய் இலக்கு என்றாலும், அதில் பெரும்பகுதி அரசுக்கு வெளியிலிருந்து வர வேண்டியது. மருந்துக்கும் மின்னணுவியலுக்கும் தனியார் பணம் வரலாம். ஆற்று வண்டலை அளப்பதற்கு வரும் என்று நான் நம்பவில்லை.

நிரந்தர மானியம் கேட்பதில் எனக்கும் உடன்பாடில்லை, தூங்கிப்போன மையங்களை நாம் பார்க்காததா? பத்தாண்டு நிதி, ஐந்தாம் ஆண்டில் மூடச் சொல்லும் அதிகாரமுள்ள வெளியார் மதிப்பீடு, களப்பணியாளருக்கும் தரவுக் காப்பாளருக்கும் நிரந்தரப் பணியிடம்: இம்மூன்றையும் கேட்டு வரைவு எழுதியிருக்கிறேன். வரும் ஆண்டுகளின் செலவுக்கு இப்போதே உறுதி தர இயலாது என்று நிதித்துறையார் மறுப்பார்கள். கணக்குத் துறையில் காலமெல்லாம் இருந்தவர் நீர். அந்தப் பகுதியை மட்டும் திருத்திப் பொங்கலுக்குள் அனுப்பிவைத்தால் பேருதவியாக இருக்கும்.

அன்புடன்,
இசக்கிமுத்து