916 போல ஒரு முத்திரை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஹைட்ரஜன் என்றால் பலருக்கு அது இன்னும் வராத பொருள். ஆனால் நம் சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளுக்குக் குழாய்வழி வரும் சமையல் எரிவாயுவில் ஏறத்தாழப் பாதி ஹைட்ரஜன்தான். இன்று காலை நான் தோசை சுட்டபோதும் அதுதான் நீலமாக எரிந்தது. அது இயற்கை எரிவாயுவிலிருந்து எடுக்கப்படுவதால், அடுப்புக்கு வருமுன்பே கரியமிலவாயுவை வெளியேற்றிவிடுகிறது.

2022 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட தேசிய ஹைட்ரஜன் உத்தி, 2050க்குள் நம் மின்தேவையில் பாதிவரை ஹைட்ரஜன் ஈடுகட்டக்கூடும் என்கிறது. வெயிலுக்குக் குறைவில்லை, சூரியத் தகடு பரப்பத்தான் இடமில்லை. ஆகவே பெரும்பகுதி கப்பலில்தான் வந்தாக வேண்டும். திரவ ஹைட்ரஜனுக்கு மைனஸ் 253 டிகிரி குளிர் தேவை. மைனஸ் 33 டிகிரியிலேயே திரவமாகிவிடும் அம்மோனியாவாக மாற்றி அனுப்புவது எளிது.

எனக்கு உறுத்துவது முத்திரைதான். தேக்காவில் நகை வாங்குகிறவர்கள் வளையலைத் திருப்பி 916 இருக்கிறதா என்று பார்த்த பிறகே பையைத் திறப்பார்கள். தங்கத்தின் தூய்மையைச் சொல்லும் அந்த எண்ணுக்கு இங்கும் மதுரையிலும் ஒரே பொருள். ஹைட்ரஜனுக்கு அப்படியில்லை. ஒரு கிலோ தயாரிக்க 2 கிலோ கரியமிலவாயுவுக்கு மேல் வெளியேறினால் அது பசுமை ஹைட்ரஜன் இல்லை என்கிறது இந்தியா. ஐரோப்பிய ஒன்றியம் 3.38 கிலோ வரை ஏற்கிறது. இந்தியக் கணக்கு ஆலை வாசலோடு முடிகிறது. ஐரோப்பியக் கணக்கில் போக்குவரத்தும் சேரும். பிறகு எதை எதனோடு ஒப்பிட்டு வாங்குவது?

2023 டிசம்பரில் துபாய் பருவநிலை மாநாட்டில், இந்த வெளியேற்றத்தைக் கணக்கிடும் முறையை விளக்கும் ஐஎஸ்ஓ (அனைத்துலகத் தர நிர்ணய அமைப்பு) ஆவணம் வெளியானது. ஒருவர் சான்றிதழை மற்றவர் ஏற்க முயல்வதாக முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் ஒப்புக்கொண்டன. நல்ல தொடக்கம்தான். ஆனால் கைகுலுக்கும் படங்கள் வந்த வேகத்தில் பொது முத்திரை வரவில்லை. கப்பல் எரிபொருள் விற்பனையில் உலகில் முதலிடத்தில் இருக்கும் துறைமுகம் நம்முடையது. முத்திரை இல்லாத சரக்குக்கு நீண்டகால ஒப்பந்தம் இல்லை என்று நாம் சொன்னால் விற்பவர்கள் கேட்பார்கள்.

இன்னொன்று. நீரைப் பிரித்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்கக் குறைந்தது 9 லிட்டர் தூய நீர் வேண்டும். இந்தியா ஹைட்ரஜன் மையமாக அறிவித்துள்ள துறைமுகங்களில் என் சொந்த ஊரான தூத்துக்குடியும் ஒன்று. குழாயடியில் அம்மா குடங்களை வரிசையாக வைத்துவிட்டுக் காத்திருந்த ஊர் அது. கரியமிலவாயுவைக் குறிக்கும் சான்றிதழில், அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதற்கும் ஒரு வரி ஒதுக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆலை ஊழியர்,
ஈசூன்