இரவு முழுக்க ஊற வேண்டாம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் சமையல் பக்கத்தில் வந்த குளிர்காலப் பழ ஒயின் பஞ்ச் (ஒயினில் பழமும் பாகும் சேர்த்துக் கலக்கும் பானம்) செய்முறையைப் படித்த கையோடு செய்தும் பார்த்தேன். படம் அப்படி இழுத்தது. கண்ணாடி ஜாடி, செக்கச் சிவந்த ஒயின், மேலே வட்ட வட்டமாக மிதக்கும் ஆரஞ்சு. கடைசி வரியில், எல்லாப் பழங்களையும் தோலோடு நறுக்கிப் போட்டு இரவு முழுவதும் ஊற விடுங்கள், ஊற ஊறத்தான் ருசி என்று எழுதியிருந்தார்கள். இந்தக் கடிதமே அந்த ஒரு வரிக்காகத்தான்.

மறுநாள் மாலை ஆறு பேர் வந்திருந்தார்கள். முதல் மிடறு குடித்த என் நாத்தனார், “கஷாயம் நல்லா இருக்கு அண்ணி, இருமலுக்கா?” என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்து வைத்தேன். உள்ளே போய் தேன் ஊற்றினேன், சர்க்கரை போட்டேன். இனிப்புக் கஷாயம் ஆனதே தவிர கசப்பு அசையவில்லை.

ஆரஞ்சுத் தோலை இரண்டாகப் பார்க்க வேண்டும். புள்ளி புள்ளியாக எண்ணெய் நிறைந்த மெல்லிய மேல்தோல் ஒன்று. வாசனை அத்தனையும் அங்கேதான். அதற்குக் கீழே பஞ்சு போல இருக்கும் வெள்ளைப் பகுதி இன்னொன்று. கசப்பு அங்கே. ஒயினில் தண்ணீரும் இருக்கிறது, ஆல்கஹாலும் இருக்கிறது. தண்ணீரில் இறங்காததை ஆல்கஹால் இறக்கிவிடும். பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கொடுத்தால், வாசனையை எடுத்து முடித்த பிறகு கசப்பையும் துடைத்து எடுத்துக்கொள்ளும்.

விதையில்லாத நேவல் ஆரஞ்சில் வேறொரு வம்பும் உண்டு. பிழிந்த உடனே தேன் மாதிரி இருக்கும் அதன் சாறு, சில மணி நேரம் வைத்திருந்தால் கசந்துவிடும். சுளையைச் சுற்றியுள்ள சவ்வில் சுவையே இல்லாத ஒரு பொருள் இருக்கிறது. பழத்தைப் பிழிந்ததும் அது சாற்றின் புளிப்போடு கலந்து, மெல்ல லிமோனின் என்ற கசப்புப் பொருளாக மாறுகிறது. ஆகவே வேலை மிச்சம் என்று முந்தின இரவே சாறு பிழிந்து வைப்பது வீண் சாமர்த்தியம். அதைத்தான் நான் செய்திருந்தேன்.

இரண்டாவது முறை தோலைச் சர்க்கரையிடம் கொடுத்தேன். பஞ்ச் பானத்துக்கு இது மிகப் பழைய முறை. இரண்டு ஆரஞ்சு, ஒரு எலுமிச்சை. பீலரை அழுத்தாமல் ஓட்டி, வெள்ளை ஒட்டாமல் மேல்தோலை மட்டும் நாடா நாடாவாகச் சீவி எடுத்தேன். சீவிய பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் மஞ்சளாகத் தெரிய வேண்டும். வெள்ளையாகத் தெரிந்தால் ஆழமாகப் போய்விட்டது. அதன் மேல் 100 கிராம் சர்க்கரையைக் கொட்டி, மரக் கரண்டியின் பின்பக்கத்தால் நன்றாக நசுக்கி மூடி வைத்தேன். இரண்டு மணி நேரம் கழித்துத் திறந்தபோது சர்க்கரை ஈர மணல் போல இருந்தது, தோல் சுருண்டு கிடந்தது. அந்த வாசனை அடுப்படியைத் தாண்டிக் கூடம் வரைக்கும் வந்தது. தோலில் இருந்த எண்ணெயைச் சர்க்கரை இழுத்துக்கொண்டது, கசப்பு தோலிலேயே நின்றுவிட்டது. அப்புறம் அரைக் கப் வெந்நீரில் ஒரு துண்டு பட்டையும் நான்கு கிராம்பும் பத்து நிமிடம் போட்டெடுத்து, அந்த நீரைச் சர்க்கரையில் ஊற்றிக் கரைத்து வடிகட்டினேன். பஞ்ச் பானத்துக்கு வேண்டிய பாகு இதுதான். சர்க்கரையைக் குளிர்ந்த ஒயினில் நேராகப் போட்டால் பாதி அடியிலேயே கிடக்கும். பட்டையைப் பொடியாகப் போட்டால் கலங்கிவிடும்.

பழங்களை ஒரே நேரத்தில் போடவே கூடாது. ஆப்பிளும் கெட்டியான பேரிக்காயும் நாலைந்து மணி நேரம் தாங்கும். நறுக்கியதும் எலுமிச்சைச் சாற்றில் புரட்டினால் கறுக்காது. கனிந்த பேரிக்காய் என்றால் கூழாகிவிடும், வேண்டாம். ஆரஞ்சைத் தோலும் வெள்ளையும் போக உரித்து, சுளையாகக் கடைசி ஒரு மணி நேரத்துக்குப் போட்டால் போதும். மாதுளை முத்தை எவ்வளவு நேரம் ஊற வைத்தாலும், உடையாத முத்துக்குள் ஒயின் அவ்வளவாக இறங்காது. பரிமாறும்போது தூவினால் அழகு, பல்லில் பட்டால் சாறு. அதன் நடுவே இருக்கும் மஞ்சள் சவ்வு துளிகூட விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கிரான்பெர்ரி கிடைத்தால் பாகில் போட்டுத் தோல் வெடிக்கும் வரை சூடாக்க வேண்டும். பச்சையாகப் போட்டால் கோலிக்குண்டு போல மிதந்துகொண்டே இருக்கும்.

ஒயினைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வாயைப் பிடிக்கும் துவர்ப்புள்ள சிவப்பு ஒயின் வேண்டாம், ஏனென்றால் குளிர வைத்தால் துவர்ப்பு இன்னும் தூக்கலாகத் தெரியும். கார்னாச்சா, மெர்லோ போன்ற மிதமானவை சரி. சோடாவைக் குடிக்கும் நேரத்தில் ஓரமாக ஊற்றுங்கள். சின்னச் சின்ன ஐஸ் கட்டியைவிடப் பெரிய கட்டி ஒன்றே மெதுவாகக் கரையும்.

ருசி போனால் ஒரு மாலைதான் போகும். ஆனால் அந்தச் செய்முறையில் இரண்டு இடங்கள் அதைவிடப் பெரிய தப்பு. கிரேப்ஃப்ரூட் (ஆரஞ்சு இனத்தில் லேசாகக் கசக்கும் பெரிய பழம்) சாறு ஒரு கப் சேர்க்கச் சொல்லியிருந்தீர்கள், பக்கத்தில் ஒரு எச்சரிக்கைகூட இல்லை. இந்தப் பழத்துக்கும் மதுவுக்கும் ஒரு பழைய கதை உண்டு. கனடாவில் ஃபெலோடிபின் என்ற இரத்த அழுத்த மருந்தோடு ஆல்கஹால் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சோதித்தவர்கள், ஆல்கஹாலின் சுவை தெரியாமல் இருக்க அதைக் கிரேப்ஃப்ரூட் சாற்றில் கலந்து கொடுத்தார்கள். இரத்தத்தில் மருந்தின் அளவு அவர்கள் எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு ஏறியிருந்தது. சுவையை மறைக்கச் சேர்த்த சாறுதான் காரணம் என்று தெரிய வந்தது. 1989இல் வெளியான ஆய்வு அது. சில மருந்துகளை உடைக்கும் குடல் நொதியை இந்தப் பழம் முடக்கிவிடுகிறது, அதனால் மருந்து கூடுதலாக உள்ளே போகிறது. சிம்வாஸ்டாட்டின் போன்ற சில கொழுப்பு மாத்திரைகளுக்கும் இது பொருந்தும். ஒரே ஒரு டம்ளரின் பாதிப்பு ஒரு நாளுக்கு மேல்கூட நீடிக்கலாம். மாத்திரையைக் காலையில் போட்டுக்கொண்டு பஞ்சை மாலையில் குடித்தாலும் தப்ப முடியாது. பம்ப்ளிமாஸும் இதே ரகம்தான். விருந்துக்கு வருகிறவர்களில் யார் யார் என்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்று நமக்கு எப்படித் தெரியும்? ஆரஞ்சே போதும்.

அடுத்தது, குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டுமானால் ஒரு கொதி விட்டால் ஆல்கஹால் பறந்துவிடும் என்ற குறிப்பு. பறக்காது ஐயா. ஆல்கஹால் 78 டிகிரியிலேயே கொதிக்கும் என்பது உண்மைதான், ஆனால் தண்ணீரோடு கலந்த பிறகு அது அவ்வளவு லேசில் பிரிந்து போவதில்லை. அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணைப்படி அரை மணி நேரம் கொதித்த பிறகும் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் மிஞ்சும். பிள்ளைகளுக்குத் திராட்சைச் சாற்றில் அதே பாகை ஊற்றித் தனி ஜாடி போடுங்கள். ஒயினில் ஊறிய பழத்தை அவர்கள் கைக்கு எட்டாமல் வையுங்கள். அந்த ஆப்பிள் துண்டுக்குள்ளும் ஆல்கஹால்தான்.

பெரியவர்களுக்கும் ஒரு கணக்கு. 13 சதவீத ஒயின் 750 மில்லி, சாறும் பாகுமாக 250 மில்லி, சோடா 250 மில்லி என்றால் பஞ்ச் சுமார் 8 சதவீதத்துக்கு இறங்கும். நீங்கள் சொன்னபடி 40 சதவீத பிராந்தி 150 மில்லியையும் ஊற்றினால் மறுபடி 11 சதவீதத்தைத் தாண்டிவிடும். ஒயினுக்குப் பக்கத்திலேயே வந்தாயிற்று, ஆனால் இனிப்பில் நாக்குக்குத் தெரியாது. ஒயினைச் சின்ன கிளாஸில் குடிக்கிறவர்கள் பஞ்சைப் பெரிய டம்ளரில் குடிப்பார்கள். நான் பிராந்தியை விட்டுவிட்டேன், யாரும் தேடவில்லை. வண்டி ஓட்டி வந்தவர் எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்குப் போட்ட, ஒயின் இல்லாத ஜாடியில்தான் குடித்தார்.

மற்ற திருத்தங்களுக்கு இடமில்லை என்றாலும், கிரேப்ஃப்ரூட் பற்றியும் குழந்தைகள் பற்றியும் அடுத்த இதழில் இரண்டு வரியாவது போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகி

பின்குறிப்பு: படத்தில் மிதந்த ஆரஞ்சு வட்டங்கள் தோலோடுதான் இருந்தன, ஓரம்கூட வாடவில்லை. அவை எத்தனை மணி நேரம் ஊறின என்று உங்கள் புகைப்படக்காரரை ஒரு வார்த்தை கேட்டுச் சொல்ல முடியுமா?