பாப்பாவுக்கு, அந்த அகலக் கால் பேன்ட் விஷயமாக

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய போட்டோக்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். அம்மா ஒரு தடவை பார்த்துவிட்டு "நல்லாத்தானே இருக்கு" என்று போய்விட்டாள். தையல்காரனுக்கு அப்படி விட வராது. பாதத்தை மூடுகிற அகலக் கால் பேன்ட், இடுப்போடு நின்றுவிடும் குட்டை ஜாக்கெட், அதில் பேட் வைத்து வெளியே தள்ளிய தோள். ஆபீஸில் எல்லோரும் இதைத்தான் போடுகிறார்கள், ஆசைப்பட்டு வாங்கினேன், போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றால் யாரிடமோ இரவல் வாங்கி மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கிறது, இரண்டையும் திருப்பி அனுப்பிவிடவா என்று கேட்டிருக்கிறாய். போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே "சரிப்பா, சரிப்பா" என்பாய். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேன்ட் இருக்கட்டும். ஜாக்கெட் போகட்டும். காரணத்தையும் படித்துவிடு, ஏனென்றால் அடுத்த வருஷம் வேறு ஏதாவது வரும், அப்போது நீயே முடிவெடுக்க வேண்டும்.

ஃபேஷன் என்று கடை பொம்மையில் மாட்டியிருப்பது ஒரே சாமான் மாதிரி தெரியும். பிரித்துப் பார்த்தால் அதற்குள் ஐந்தாறு சங்கதி இருக்கும்: எங்கே லூஸ், எங்கே டைட், எந்த நீளம், என்ன துணி, என்ன நிறம், தோள் எப்படி. எல்லாவற்றையும் ஒன்றாகத்தான் வாங்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. 1947 பிப்ரவரியில் பாரிஸில் டிசைனர் கிறிஸ்டியன் டியோர் தன் முதல் கலெக்‌ஷனைக் காட்டினாரே, 'நியூ லுக்' என்று பேர் வாங்கியது, அதை எடுத்துக்கொள். அதற்கு முன்னால் போர்க்காலம், துணிக்கே தட்டுப்பாடு. பிரிட்டனில் 1941-இல் தொடங்கிய உடை ரேஷன் 1949 வரைக்கும் ஓடியது. பாவாடை குட்டை, தோள் சதுரம், எத்தனை மடிப்பு வைக்கலாம் என்பதற்குக்கூடக் கணக்கு. டியோர் அப்படியே தலைகீழாக்கினார். உருண்டு இறங்கும் தோள், ஒடுங்கிய இடுப்பு, முழங்காலுக்கு வெகு கீழே போய் விரியும் பாவாடை. ஒரு பாவாடைக்கே மீட்டர் மீட்டராகத் துணி. எத்தனை பேரால் அது முடியும்? பழைய பாவாடையின் அடியில் ஒரு பட்டியை ஒட்டி நீளமாக்கிக்கொண்டு நடந்தவர்கள் நிறைய. அவர்கள் டியோரிடமிருந்து நீளத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். விவரமான ஆட்கள் என்று எனக்குத் தோன்றும்.

சரி, எதை எடுப்பது, எதை விடுவது? இதற்கு எல்லோரும் உடம்பு வாகைச் சொல்வார்கள். பேரிக்காய், ஆப்பிள் என்று படம் போட்டு, இந்த வாகுக்கு இந்தச் சட்டை என்று பட்டியல் கொடுப்பார்கள். இத்தனை காலம் இஞ்ச் டேப் பிடித்தவன் சொல்கிறேன், அந்தப் படத்தில் இருக்கிற ஆள் என் கடைக்கு வந்ததே இல்லை. நான் பார்ப்பது கையை. ஒருத்தர் புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கும்போது அவர் கை தானாக எங்கே போகிறது? கழுத்தை இழுத்து விடுகிறதா, முன்பக்கத்தைக் கீழே இழுக்கிறதா, அக்குளை விலக்குகிறதா, பேன்ட்டை மேலே தூக்குகிறதா? கை போகிற இடத்தில்தான் அந்த உடுப்பு அவருடையதாக ஆகவில்லை. வாங்கும் முன் கடைக் கண்ணாடியில் சும்மா ஐந்து நிமிஷம் நின்று போனைப் பார், உட்கார், எழுந்திரு. முகத்தைப் பார்க்காதே, கையைப் பார்.

உன் கை எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். எந்தச் சட்டை போட்டாலும் கொஞ்ச நேரத்தில் சட்டைக் கையை முழங்கைக்கு மேலே ஏற்றிவிடுவாய். பள்ளிக்கூட யூனிஃபார்மிலும் அப்படித்தான், கைப்பட்டன் காஜாவுக்கு வேலையே இல்லாமல் கிடக்கும். இந்த ஜாக்கெட்டிலும் ஏற்றப் பார்த்திருக்கிறாய். இரண்டாவது போட்டோவில் தெரிகிறது: லைனிங் போட்ட தடித்த கை மேலே ஏறாமல், முழங்கைக்குக் கீழே சுருண்டு நிற்கிறது. அப்புறம் உன் வலது தோள் இடதைவிடக் கொஞ்சம் இறக்கம். பயப்படாதே, இரண்டு தோளும் ஒரே மட்டமாக உள்ள ஆளை நான் அபூர்வமாகத்தான் அளந்திருக்கிறேன். சாதாரணச் சட்டையில் அது தெரியவே தெரியாது. பேட் வைத்து நேர்கோடாக வெட்டிய ஷோல்டர் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். வலது பக்கம் கழுத்தடியிலிருந்து அக்குள் நோக்கி ஒரு சாய்ந்த சுருக்கம் விழுந்திருக்கிறதே, அது இஸ்திரி போட்டால் போகிற சுருக்கம் இல்லை.

ஆல்ட்டர் செய்துகொள்ளலாமே என்பாய். இடுப்பைக் குறைக்கலாம், நீளத்தைக் குறைக்கலாம், பேன்ட் காலைக் குறுக்கலாம், இதெல்லாம் ஒரு மாலை வேலை. தோள் அப்படி இல்லை. லைனிங்கைப் பிரிக்க வேண்டும், கையைக் கழற்ற வேண்டும், ஆர்ம்ஹோலை, அதாவது கை பொருத்துகிற வளைவை, மறுபடி வெட்ட வேண்டும், வெட்டிய பிறகு கையின் மேல் வளைவு அதற்கு ஒத்துவராது, அதையும் மாற்ற வேண்டும். புதுசாகத் தைத்துவிடலாம். ரெடிமேட் வாங்கும்போது தோள் சரியாக இருந்தால் மற்றதைப் பற்றி யோசி, தோள் சரியில்லை என்றால் அந்த இடத்திலேயே தொங்க விட்டுவிட்டு வா.

பிரெஞ்சு டிசைனர் ஈவ் செயின்ட் லோரான் கோட்டைக் கையாண்ட விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1966-இல் ஆண்கள் விருந்துக்குப் போடுகிற டக்ஸீடோ சூட்டைப் பெண்களுக்குக் கொண்டுவந்தார். ஆம்பளைக் கோட்டை எடுத்து அப்படியே மாட்டிவிடவில்லை, பெண் உடம்புக்கு மறுபடி வெட்டினார். வெளியே பார்க்க ஆண் கோட், வெட்டு முழுக்க வேறே. இன்னொருவருடையதை எடுத்துத் தன்னுடையதாக்குவது அப்படித்தான், கத்தரி படாமல் முடியாது.

ஓவர்சைஸ் பற்றியும் கேட்டிருந்தாய். அங்கே ஒரு ஏமாற்று இருக்கிறது. ஓவர்சைஸாக வெட்டிய சட்டையும், இரண்டு சைஸ் பெரிதாக வாங்கிய சட்டையும் வேறு வேறு. வெட்டும்போதே லூஸாகக் கணக்குப் போட்ட சட்டையில் ஷோல்டர் தையல் கைப்பக்கம் இறங்கியிருக்கும், ஆர்ம்ஹோல் ஆழமாக இருக்கும், அதற்கு ஈடாகக் கை நீளத்தைக் குறைத்திருப்பார்கள், கழுத்து மட்டும் உன் கழுத்துக்குச் சரியாக உட்காரும். சும்மா பெரிய சைஸ் எடுத்தால் கழுத்தும் சேர்ந்து பெருக்கும். காலர் பின்னால் சரியும், கை விரலை மூடும், நீளம் தொடைக்குப் போகும். ஓவர்சைஸ் எனக்கு ஒத்துவராது என்று சொல்கிற பலருக்கு ஒத்துவராதது அந்தக் கழுத்துதான்.

அதனால் ஒரு வேலை செய். உன் அலமாரியில் யோசிக்காமல் கை போய் எடுக்கிற சட்டை எது? அந்த நீலச் சட்டைதான் என்று நினைக்கிறேன். அதைக் கட்டில்மேல் சுருக்கமில்லாமல் விரித்து, பட்டனெல்லாம் போட்டு அளந்து பார். ஒரு தோள் முனையிலிருந்து மறு முனை, அக்குளுக்குச் சற்றுக் கீழே குறுக்காக, கை நீளம், முழு நீளம். குறுக்களவை இரண்டால் பெருக்கினால் சட்டையின் மார்புச் சுற்று. அதிலிருந்து உன் உடம்பின் மார்பளவைக் கழித்தால் வருவதுதான் உனக்குப் பிடித்த லூஸ். நீலச் சட்டையில் அது 5 அங்குலம், நான் தைத்ததுதானே. இப்போது கடையில் தொங்குகிற லூஸ் சட்டையில் 10, 12 அங்குலம்கூட இருக்கும். நீ 7-இல் நில். பார்க்கிறவர்களுக்கு இந்த வருஷத்துச் சட்டை, உனக்கு உன் சட்டை. அளவுகளைப் போனில் எழுதி வைத்துக்கொள். ஒரு கம்பெனியின் மீடியம் இன்னொரு கம்பெனியில் லார்ஜ், அந்த எழுத்துகளை நம்பி எதையும் வாங்காதே.

பேன்ட்டுக்கு வருகிறேன். அதை ஏன் வைத்துக்கொள்ளச் சொன்னேன் தெரியுமா? முன்னால் இடுப்புப் பட்டிக்குக் கீழே இருக்கிற மடிப்பு, பிளீட், வாய் பிளக்காமல் நேராக விழுகிறது. சீட், அதாவது உட்காருகிற பக்கம், டைட்டாக இருந்தால் முதலில் திறப்பது பிளீட்தான், இதில் அந்தத் தொந்தரவே இல்லை. துணியிலும் கனம் இருக்கிறது. அகலக் காலுக்குச் சன்னத் துணி போட்டால் நடக்கும்போது காலோடு ஒட்டிக்கொண்டு பைஜாமா ஆகிவிடும். உனக்கு அது யாருடையதோ போலத் தெரிவதற்கு ஒரு காரணம் பழக்கம். இவ்வளவு நாள் ஸ்ட்ரெட்ச் ஜீன்ஸில் இருந்தவள் நீ. 1958-இல் அமெரிக்காவின் டூபான்ட் கம்பெனி ஆய்வுக்கூடத்தில் ஜோசப் ஷிவர்ஸ் கண்டுபிடித்த எலாஸ்டேன் நூல்தான் அந்த இழுவையைக் கொடுக்கிறது. அதைக் கொஞ்சம் கலந்தாலே போதும், துணி உடம்போடு நீளும், தப்பான சைஸ்கூடச் சரி மாதிரி உட்காரும். இந்தப் பேன்ட்டில் அது இல்லை. இடுப்பு சரியாக நிற்கிறதா என்பதை நின்று பார்க்காதே, நாற்காலியில் உட்கார்ந்து பார். உட்கார்ந்தால் பட்டிக்குள் இரண்டு விரல் போக வேண்டும்.

அது யாருடையதோ போலத் தெரிவதற்கு இன்னொரு காரணம் நீளம். போட்டோவில் பின்பக்கம் தரையைக் கூட்டுகிறது. எந்தச் செருப்போடு போடப்போகிறாய் என்பதை முடிவு செய்யாமல் அகலக் கால் பேன்ட்டின் நீளத்தை வெட்டவே கூடாது. அந்தச் செருப்போடு நிற்கும்போது குதி பக்கம் தரைக்கு அரை அங்குலம் மேலே நிற்க வேண்டும். ஹீல்ஸுக்கு ஒரு நாள், தட்டைச் செருப்புக்கு ஒரு நாள் என்று ஒரே பேன்ட்டைப் போட ஆசைப்பட்டால் ஏதோ ஒன்றில் அசிங்கமாகத்தான் இருக்கும்.

நிறத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நிறங்களுக்குப் பேரும் எண்ணும் கொடுக்கிற பேன்டோன் கம்பெனி 2000 முதல் வருஷத்துக்கு ஒரு நிறம் என்று அறிவித்துக்கொண்டிருக்கிறது. 2023-க்கு மெஜந்தா, 2024-க்கு ஒரு பீச் நிறம், 2025-க்கு மோக்கா பழுப்பு. உன் முகம் வருஷா வருஷம் மாறுவதில்லையே. ஜன்னல் வெளிச்சத்தில் துணியைத் தாடைக்குக் கீழே பிடித்துப் பார். கண்ணுக்குக் கீழே கறுப்பு கூடித் தெரிந்தால் அந்த நிறத்தை இடுப்புக்குக் கீழே அனுப்பிவிடு, பேன்ட்டாகவோ பையாகவோ செருப்பாகவோ.

ஜாக்கெட்டைத் திருப்பி அனுப்பினால் பேன்ட்டுக்கு மேலே என்ன போடுவது? அந்த ஜாக்கெட்டிலும் எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது: இடுப்போடு நிற்கிற நீளம். மேலே குட்டையாக இருப்பதால்தான் கீழே இருக்கிற அகலம் அழகாகத் தெரிகிறது. நீளச் சட்டையைத் தொங்கவிட்டால் இரண்டும் சேர்ந்து ஒரே மூட்டையாகிவிடும். மெக்சிகோ ஓவியர் ஃப்ரிடா காலோவின் மேல்சட்டையைப் பார்த்திருப்பாய், சதுரமாக, அகலமாக, குட்டையாக. சிறு வயதில் போலியோ வந்து வலது கால் மெலிந்தவர், 1925-இல் பஸ் விபத்தில் முதுகெலும்பும் அடிபட்டது. நீளப் பாவாடை காலை மூடியது, அந்தக் குட்டைச் சட்டை முதுகைத் தாங்கப் போட்டிருந்த இறுக்கமான கட்டின், கார்செட்டின், மேலே எங்கும் பிடிக்காமல் விழுந்தது. தன் நாட்டுப் பெண்கள் உடுத்தியதைத்தான் அவரும் உடுத்தினார். ஆனாலும் அதைப் பார்த்ததும் உலகத்துக்கு அவர் பேர்தான் நினைவுக்கு வருகிறது.

உனக்கு நான் ஒன்று தைத்து அனுப்புகிறேன். லைனிங் வேண்டாம், பேட் வேண்டாம், கொஞ்சம் கனமான காட்டன் துணியில் சட்டை மாதிரி ஒரு ஜாக்கெட். ஷோல்டர் சற்றே இறங்கியதாக வெட்டினால் உன் வலது தோள் யார் கண்ணிலும் படாது. 7 அங்குல லூஸ். கை முக்கால் நீளம், ஏற்றிவிட்டால் நிற்கிற மாதிரி அகலமாக வைத்துவிடுகிறேன். நீளத்துக்கு மட்டும் உன்னிடமிருந்து ஓர் அளவு வேண்டும். பேன்ட்டைப் போட்டுக்கொண்டு, தோளும் கழுத்தும் சேருகிற இடத்திலிருந்து முன்பக்கமாகப் பேன்ட் பட்டியின் மேல் விளிம்பு வரைக்கும் அளந்து சொல். அதற்குக் கீழே 2 அங்குலம் நான் சேர்த்துக்கொள்வேன், கையைத் தூக்கினால் வயிறு தெரியாமல் இருக்க.

பேன்ட்டின் அடி மடிப்பைப் புரட்டி, உள்ளே எத்தனை அங்குலம் துணி விட்டிருக்கிறார்கள் என்றும் பார். எந்தச் செருப்பு என்பதை முடிவு பண்ணிவிட்டு அதன் குதி உயரத்தையும் சேர்த்து எழுது. அதுவரைக்கும் பக்கத்தில் யாரிடமும் கொடுத்து வெட்டிவிடாதே. அம்மா ஜாக்கெட்டுக்குப் பச்சை என்கிறாள், எனக்குச் சாம்பல் நிறம்தான் சரி என்று படுகிறது. நீ சொல்.

அன்புடன்,
அப்பா