கணினிப் பிரிவைத் தேர்வு செய்யும் முன் பத்து நாள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ மதிப்பெண் வந்ததும் பல வீடுகளில் எழும் பேச்சு ஒன்றுதான்: "கம்ப்யூட்டர் சயின்ஸ் போட்டுடு, ஐ.டி.யில சேர்ந்துடலாம்." சம்பளத்துக்காக இந்தத் துறைக்கு வர நினைப்பதில் தவறே இல்லை. வீட்டுக் கடனை அடைக்க வேண்டும், தங்கையைப் படிக்க வைக்க வேண்டும் என்பவை மதிக்க வேண்டிய காரணங்கள். ஆனால் வேலை நேரம் முழுக்கத் தேவைப்படுவது, பிழை காட்டும் திரையின் முன் சலிக்காமல் உட்காரும் குணம். அது ஒரு மாணவரிடம் இருக்கிறதா என்பதைப் பொறியியல் சேர்க்கைக்கான கட்-ஆஃப் மதிப்பெண் காட்டாது. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என 200-க்குத்தான் அந்தக் கணக்கு. கணினி அறிவியல் பாடத்தில் எடுத்த மதிப்பெண்கூட அதில் சேராது.

எனவே கலந்தாய்வில் கல்லூரி, பிரிவு விருப்பப் பட்டியலை உறுதி செய்து பூட்டும் முன் பத்து நாள், தினம் ஒரு மணி நேரம், பிள்ளைகள் தங்களையே சோதித்துப் பார்க்கலாம். கணினிக்குக் கட்டளை எழுதும் பைத்தான் மொழி இலவசம். மடிக்கணினி இல்லாதவர்கள் செல்போன் பிரவுசரிலேயே கூகுள் கோலாப் என்ற இணையதளம் மூலம் எழுதலாம். முதல் மூன்று நாளில் மாறி (மதிப்பைச் சேமிக்கும் பெயர்), நிபந்தனை (இப்படியானால் இதைச் செய்), சுழற்சி (திரும்பத் திரும்பச் செய்) ஆகிய மூன்றையும் பழகினால் போதும். பிறகு வீட்டு மின்கட்டண அட்டையைக் கையில் எடுத்து, யூனிட்டைக் கொடுத்தால் தொகையைச் சொல்லும் நிரலை (புரோகிராம்) எழுதட்டும்.

எளிதாகத் தோன்றும் இந்தக் கணக்கில்தான் எல்லாம் இருக்கிறது. முதல் தடுமாற்றம், தட்டச்சு செய்வதைப் பெறும் 'இன்புட்' கட்டளை வாங்கும் எண்ணைப் பைத்தான் எழுத்தாகவே வைத்துக்கொள்வது. அது கட்டண அடுக்கின் எல்லையான 100-ஐவிடச் சிறியதா என்று ஒப்பிட்டதும் 'டைப் எரர்' என்ற பிழைச் செய்தி வரும். 'இன்ட்' கட்டளை கொண்டு முழு எண்ணாக மாற்ற வேண்டும். அடுத்தது, வரி தொடக்கத்தில் விடும் இடைவெளி ஒன்று கூடினாலும் குறைந்தாலும் நிரல் பெரும்பாலும் ஓடாது. இவையாவது சிவப்பு எழுத்தில் கண்ணுக்குத் தெரியும். தெரியாத பிழைதான் பொல்லாதது. தமிழ்நாட்டில் இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடுகிறது. 500-க்கும் 501-க்கும் ஒரே யூனிட்தான் வித்தியாசம். தொகை 200 ரூபாய்க்கு மேல் கூடும். இந்த இடத்தில் 'சிறியது அல்லது சமம்' என்பதற்குப் பதில் 'சிறியது' என்று எழுதினால் நிரல் தடையின்றி ஓடும், சரியாக 500 யூனிட் எரித்த வீட்டுக்கு மட்டும் தவறான பில் வரும். அதனால் 0, 100, 101, 500, 501 ஆகியவற்றைக் கொடுத்து, கையால் போட்ட கணக்கோடு ஒப்பிட வேண்டும்.

அந்த 500-ஐத் தானாகவே சோதிக்கத் தோன்றிய பிள்ளைக்கு மென்பொருளில் பிழை தேடும் டெஸ்டிங் வேலை பிடிக்கும். கணக்கைவிடத் திரையின் அமைப்பில் மனம் போனால் வடிவமைப்பு இருக்கிறது. கூகுளில் கிடைத்த நிரலையோ ஏ.ஐ. தந்த விடையையோ ஒட்டிவிட்டு எழுந்துவிடலாம் என்று தோன்றினால், பெற்றோர் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஏ.ஐ. தரும் நிரலிலும் இந்த 500-501 பிழை வரலாம். அதைக் கண்டுபிடிப்பவருக்குத்தான் சம்பளம்.

அமெரிக்கா போகலாம் என்பதை மட்டும் நம்பி வருவோர் ஒன்றை அறிய வேண்டும். அங்கே வேலை செய்ய நிறுவனங்கள் வழியே பெறும் எச்-1பி விசாவின் ஆண்டு வரம்பு 85,000. அது உலகம் முழுமைக்கும் சேர்த்து, குலுக்கல் முறையில். ஏ.சி. அறை, அலுங்காத வேலை என்பதும் பாதி உண்மைதான். நியூயார்க்கில் காலை 9 மணி என்றால் அந்த ஊர்க் கோடையில் இங்கே மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. அந்த ஊர் வாடிக்கையாளருக்கு வேலை செய்பவரின் கூட்டங்கள் இரவில்தான் நடக்கும்.

பத்து நாளில் பிடிக்கவில்லை என்று தெரிந்தால் அதுவும் நல்லதே. மின்னணு, மின்னியல், இயந்திரவியல் படித்தவர்களையும் பல மென்பொருள் சேவை நிறுவனங்கள் வளாகத் தேர்வில் எடுக்கின்றன. பின்னாளில் மனம் மாறினாலும் கதவு அடைபடாது.

கலந்தாய்வு நடக்கும் மாதங்களில் தங்கள் கல்விப் பக்கத்தில் மின்கட்டணம், பேருந்துக் கட்டணம், ரேஷன் அளவு போன்ற பயிற்சிகளை வாரம் ஒன்றாக வெளியிட வேண்டுகிறோம். விடையை அடுத்த வாரம் தந்தால் போதும்.

இப்படிக்கு,
கணினிப் பொறியியல் ஆசிரியர்கள் சிலர்,
திருச்சி.