புழுதியில் விதைப்பவர்களுக்கும் ஒரு பத்தி வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12 நெருங்கினால் உங்கள் நாளிதழில் அதன் நீர்மட்டம் முதல் பக்கத்துக்கு வந்துவிடுகிறது. வரட்டும், டெல்டாக்காரர்களுக்கு அது உயிர். ஆனால் அதற்கப்புறம் வேளாண் பக்கம் முழுக்க நாற்றங்கால், நடவு, வயலைக் காயவிட்டுக் காயவிட்டுத் தண்ணீர் கட்டும் காய்ச்சலும் பாய்ச்சலும் என்றே போகிறது. முதுகுளத்தூர்ப் பக்கம் எங்கள் வயலில் நாற்றங்காலே கிடையாது. நாங்களும் நெல்தான் போடுகிறோம்.

கோடை மழை ஒன்று விழுந்ததும் ஏர் பூட்டிய காலம் போய், இப்போது டிராக்டர். கட்டி உடைந்து புழுதியாகும் வரை உழுவோம். ஆவணிக் கடைசியில், இல்லையென்றால் புரட்டாசியில், மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் விதைத்துவிடுவோம். ஏக்கருக்கு 30 கிலோவுக்குக் குறையாது. எறும்பும் குருவியும் எடுத்தது போக மிச்சம்தானே முளைக்க வேண்டும்!

மழை தாமதித்தாலும் விதை மண்ணுக்குள் கிடக்கும். அரைகுறையாகத் தூறிவிட்டு ஓடிப்போகிற மழைதான் எங்களைக் கெடுப்பது. போன புரட்டாசியில் அப்படி ஒன்று பெய்தது. நாலாம் நாள் விரலால் கிளறிப் பார்த்தேன், வெள்ளையாக முளை எட்டிப் பார்த்தது. அப்புறம் பத்து நாள் வெயில். மறுபடி கிளறினால் பழுப்பு நூல் மாதிரி சுருண்டு கிடந்தது. கடன் வாங்கி மறுவிதைப்பு செய்தேன்.

10 லிட்டர் தண்ணீரில் 100 கிராம் பொட்டாசியம் குளோரைடு கரைத்து, விதையை 16 மணி நேரம் ஊறவைத்து, நிழலில் பழைய ஈரப்பதத்துக்கு வரும் வரை உலர்த்தி விதைத்தால் பயிர் வறட்சி தாங்கும் என்பது எனக்குப் பக்கத்து வயல் அண்ணன் சொல்லித்தான் தெரியும். வறட்சி தாங்கும் அண்ணா 4 ரகம் 2009-இல் பரமக்குடி ஆராய்ச்சி நிலையத்திலிருந்தே வந்தது. ஏறக்குறைய 105 நாளில் அறுத்துவிடலாம். இதையெல்லாம் நீங்கள் எழுதி நான் படித்ததில்லை.

ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய் பெருகினால் மடை திறப்போம். அதுவரை மானாவாரி, அதற்கு மேல் நன்செய், ஒரே பயிருக்கு இரண்டு பிழைப்பு. நடவு வயலில் தேங்கி நிற்கும் தண்ணீரே பாதிக் களையை அமுக்கிவிடும். எங்களுக்கு நெல்லும் களையும் ஒரே நாளில் பிறந்த பிள்ளைகள்.

ஒரு பயிற்சிக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். வயலில் இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்திக் களைக்கொல்லி போடச் சொன்னார்கள். "சார், எங்க வயல்ல புழுதிதான் நிக்குது" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள், பயிற்சி கொடுத்தவரும் சிரித்தார். வடை நன்றாக இருந்தது.

ஆடி மாதத்திலிருந்து வாரம் ஒரு பத்தி புழுதி விதைப்புக்கு ஒதுக்குங்கள். ஐப்பசியில் போட்டால் பயனில்லை, அப்போது நாங்கள் களைக்கொத்தோடு வயலில் குனிந்திருப்போம்.

இப்படிக்கு,
மானாவாரி விவசாயி ஒருத்தி,
முதுகுளத்தூர் வட்டம், இராமநாதபுரம் மாவட்டம்.