எழுத்து விழாவுக்குக் கைகொடுத்தவர்களுக்கு, தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து

அன்புள்ள எல்லாருக்கும் வணக்கம்.

எங்கள் ஆங்கிலத் துறையின் எழுத்து விழா போன வெள்ளிக்கிழமை நல்லபடியாக முடிந்தது. மாணவர்கள் தாங்கள் எழுதியதை வாசித்தார்கள், ஆசிரியர்கள் தங்கள் ஆராய்ச்சியைப் பற்றிப் பேசினார்கள். ஆங்கிலத்தில் சொல்ல வேண்டிய நன்றியை மேடையிலேயே சொல்லிவிட்டோம். ஆனால் இந்த விழாவைத் தாங்கியவர்களில் பாதிப்பேர் தமிழ் பேசும் பெரியவர்கள். அவர்களுக்குத் தமிழில் எழுதாமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை.

முதலில், கப்பல் பட்டியல்களை எடுத்துக் கொடுத்த ஆவணக் காப்பக ஊழியர்களுக்கு நன்றி. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து வந்த ட்ரூரோ கப்பல் டர்பனில் நின்றது. அன்று தொடங்கி 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கும் இந்த நேட்டால் பகுதிக்கு வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் பட்டியலில் ஒரு எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர், உடம்பில் உள்ள தழும்பு. கவுண்டர் இங்கே கவெண்டர் ஆனதும், முதலி மூட்லி ஆனதும் நமக்கெல்லாம் தெரிந்ததுதான். அது எப்படி ஆனது, காதில் விழுந்ததைக் குமாஸ்தா எந்த எழுத்தில் பிடித்தார் என்று எங்கள் பேராசிரியர் ஒருவர் வரிவரியாகத் தேடியிருக்கிறார். அவர் பேசி முடித்ததும் முன்வரிசையில் இருந்த ஒரு தாத்தா எழுந்து, "அப்போ என் பேரை எப்படி எழுதணும்?" என்று கேட்டார். அரங்கமே அமைதியாகிவிட்டது. ஆங்கிலத் துறையில் ஆராய்ச்சி எதற்கு என்று கேட்பவர்களை அந்த நேரத்தில் அங்கே உட்கார வைத்திருக்க வேண்டும்.

அப்புறம் நன்றி, டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கும் ஆயாவுக்கு. மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதை இங்கே ஆங்கிலத்தில் 'பாரிஜ் பிரேயர்', அதாவது கஞ்சி வழிபாடு, என்றுதான் சொல்கிறோம். ஆயாவின் பேத்தியும் தன் கதையில் அப்படித்தான் எழுதியிருந்தாள். "அது பாரிஜ் இல்லடி, கூழ். டப்பாவில் வர்ற ஓட்ஸோட அதைச் சேர்த்து எழுதாதே" என்று ஆயா சொல்ல, அவள் அந்தச் சொல்லை எடுத்துவிட்டுக் 'கூழ்' என்று மட்டும் போட்டாள். விளக்கமும் கொடுக்கவில்லை. விளக்கம் வேண்டும் என்று வாதாடியது நான்தான். என் வாதம் தப்பு. பக்கத்தில் இருந்த ஜுலு மாணவி கதையைக் கேட்டதுமே, "எங்கள் வீட்டு அமஹேவு மாதிரி, மக்காச்சோள மாவைப் புளிக்கவைத்ததுதானே?" என்றாள். அவளுக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்தக் கதையில் ஆயா சொன்ன ஒரு சொல்லுக்கு நாங்கள் சொல்லிக்கொடுத்த எதுவும் ஈடாகாது.

மூன்று வாரம் மாலை நேரங்களில் மாணவர்களோடு உட்கார்ந்து திருத்தங்கள் பார்த்த பகுதிநேர ஆசிரியர்களுக்கு நன்றி. அதற்குச் சம்பளம் கிடையாது என்று தெரிந்தேதான் வந்தீர்கள். டர்பனுக்கு வடக்கே உள்ள ஃபீனிக்ஸிலிருந்து பெரியவர்களைத் தன் வண்டியில் ஏற்றிவந்து காசு வாங்க மறுத்த தம்பிக்கு நன்றி. வடையும் புளிச்சோறும் செய்துவந்த கோயில் பெண்களுக்கும் நன்றி. நடுவில் மின்சாரம் போனபோது கலைந்துபோகாமல், கைபேசி வெளிச்சத்தைத் தூக்கிப் பிடித்து, வாசித்துக்கொண்டிருந்த முதலாண்டுப் பையனை முடிக்க வைத்தீர்களே, உங்கள் எல்லாருக்கும் நன்றி. அவன் மேடை ஏறியது அதுதான் முதல் தடவை.

ஆயா, உங்கள் எவர்சில்வர் தூக்கு எங்கள் துறை அலுவலகத்தில் பத்திரமாக இருக்கிறது. சாப்பாடு வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்று என் அம்மாவும் சொல்வார். மாணவர்களின் கதைகளை அச்சடித்ததும் ஒரு பிரதியை அதில் வைத்து, ஞாயிற்றுக்கிழமை நாங்களே வீட்டுக்குக் கொண்டுவருகிறோம்.

அன்புடன்,
விழாக் குழு சார்பில் ஒரு ஆசிரியை