தோற்றால் திரும்பி வர வேலை இருக்குமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பேராசிரியர்கள் அரசியலுக்கு வருவது பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையைப் படித்தேன். படித்தவர்கள் வர வேண்டும் என்று எல்லோரும் எழுதுகிறார்கள், எப்படி வருவது என்று மட்டும் யாரும் எழுதுவதில்லை.

எனக்குக் கோத்தகிரி. ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் படித்தேன், காலை பஸ்ஸை விட்டால் முதல் வகுப்பு போச்சு. பொருளாதாரம் எடுத்த சார் ஒருவர், பசுந்தேயிலை விலை ஏன் விழுகிறது, ஏலத்தில் என்ன நடக்கிறது, ஃபாக்டரியில் எடையில் எவ்வளவு கழிக்கிறார்கள் என்றெல்லாம் போர்டில் கணக்குப் போட்டுக் காட்டுவார். வீட்டில் போய்ச் சொன்னால் தோட்டம் வைத்திருக்கும் அப்பாவே உட்கார்ந்து கேட்பார். நீங்கள் எலெக்‌ஷனில் நிற்கலாமே சார் என்று ஒருநாள் கேட்டோம். "நிக்கணும்னா வேலையை ராஜினாமா பண்ணணும்பா. தோத்தா என் வீட்டு லோனை நீ கட்டுவியா?" என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

அவர் சொன்னது சரிதான். அரசு கல்லூரி வேலை அரசிடம் சம்பளம் வாங்கும் வேலை, சட்டம் இதை ஆதாயம் தரும் பதவி என்கிறது, அதை வைத்துக்கொண்டு சட்டமன்றத்துக்கு நிற்க முடியாது.

உடனே க. அன்பழகனைச் சொல்வார்கள். பச்சையப்பன் கல்லூரியில் தமிழ் விரிவுரையாளர், 1957-இல் எழும்பூரில் ஜெயித்தார், 1996 முதல் 2001 வரை கல்வி அமைச்சர், கடைசிவரை ஊருக்கே பேராசிரியர். உண்மை. ஆனால் அவர் மேடைக்கு மேடை பேசி வளர்த்த கட்சி கூடவே இருந்தது. கட்சி ஆளாக இல்லாதவர் நின்றால்? மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த வசந்தி தேவி, 2016-இல் ஆர்.கே. நகரில் ஜெயலலிதாவை எதிர்த்து நின்று தோற்றார், அதுவும் பணியை விட்டுப் பல வருஷம் கழித்து.

முன்பு தமிழ்நாட்டில் சட்டமன்றத்தோடு மேலவை என்று இரண்டாவது அவையும் இருந்தது. அரசியல் சட்டப்படி அதில் பன்னிரண்டில் ஒரு பங்கு இடம் பட்டதாரிகள் ஓட்டில், இன்னொரு பங்கு ஆசிரியர்கள் ஓட்டில் வரும். 1986-இல் அதைக் கலைத்தார்கள், 2010-இல் மறுபடி கொண்டுவரச் சட்டமே வந்தது, 2011-இல் ஆட்சி மாறியதும் அதுவும் வேண்டாம் என்றாகிவிட்டது. பக்கத்துக் கர்நாடகத்தில் இன்றைக்கும் இருக்கிறது.

என்னைக் கேட்டால், தேர்தலில் நிற்கிற ஆசிரியருக்குச் சம்பளமில்லாத விடுப்பு கொடுங்கள், தோற்றால் வகுப்புக்குத் திரும்பட்டும். வகுப்பறை கட்சி ஆபீஸ் ஆகிவிடும் என்பார்கள். அந்தப் பயம் எனக்கும் உண்டு, ஏனென்றால் பாடத்தை விட்டுவிட்டு மணிக்கணக்கில் கட்சி பேசிய ஒருவரிடமும் நான் படித்திருக்கிறேன். ஆனால் அவர் தேர்தலில் நிற்கவே இல்லையே, நிற்காமலேதான் பேசினார்!

அப்புறம் ஒன்று. ஊட்டி, குன்னூர், கூடலூர் மூன்று தொகுதியிலும் ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம், அரசு கல்லூரிகளில் தற்காலிகமாகப் பாடம் எடுக்கும் கௌரவ விரிவுரையாளர்களை இன்னும் எத்தனை வருஷம் இப்படியே வைத்திருப்பீர்கள் என்று நம் வாசகர்கள் கேட்க வேண்டும். வேலையே நிரந்தரமில்லாதவர் ராஜினாமா செய்ய என்ன இருக்கிறது?

இப்படிக்கு,
ஒரு முன்னாள் மாணவன்,
கோத்தகிரி, நீலகிரி.